கற்பனைக் கதைப் பாத்திரத்தை ஏஐயில் வரைய: ப்ராம்ப்ட் எழுதும் வரிசை

அண்ணா நகரில் நண்பர் ஒருவரின் மாடி அறையில், சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேர் லேப்டாப்போடு கூடுகிறோம். எல்லோரிடமும் எழுதி முடித்த அல்லது பாதியில் நிற்கும் ஒரு கற்பனை உலகக் கதை இருக்கிறது. அதற்கு அட்டைப்படமோ பாத்திரப் படமோ வேண்டும். புதிதாக வருகிறவர் தட்டும் முதல் ப்ராம்ப்ட், அதாவது படம் கேட்டு ஏஐ கருவிக்கு எழுதும் விவரிப்பு, பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அழகான தமிழ் வீராங்கனை, ஃபேன்டஸி, பிரம்மாண்டம், மிக நுணுக்கமான படம்". வரும் படத்தில் இருபது வயதுப் பெண் நிற்பாள். வெளுத்த முகம், மார்பில் உலோகக் கவசம், நெற்றிச்சுட்டி, பின்னால் எரியும் கோட்டை. கதையில் அவளுக்கு ஐம்பது வயது, உப்பளத்தில் காவல் வேலை.

அந்த ப்ராம்ப்டில் வயது இல்லை, தோல் நிறம் இல்லை, தொழில் இல்லை, உடை இல்லை. சொல்லாமல் விட்ட ஒவ்வொரு இடத்தையும் மாடல் (கருவிக்குள் இருந்து படத்தை உருவாக்கும் ஏஐ), தான் அதிகம் பார்த்துப் பழகிய படங்களைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. ஃபேன்டஸி என்ற சொல்லோடு இணையத்தில் குவிந்து கிடப்பவை ஐரோப்பியக் கவசமும் இளம் முகமும்தான். அதனால் எந்த இடத்தை நாம் நிரப்புகிறோம், எதை மாடலிடம் விடுகிறோம் என்பதைத் தட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். கீழே இருப்பது அந்த முடிவுகளை எடுக்கும் வரிசை.

எடுத்துக்காட்டுக்கு ஒரே பாத்திரத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். பெயர் வேம்பி. வயது 52. உப்பளக் காவல்காரி. கையில் வளரி, காதில் பாம்படம், துணைக்கு ஒரு யாளி. ப்ராம்ப்டுகளை இங்கே தமிழில் சொல்கிறேன். கருவியில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தட்ட வேண்டியிருக்கும். ஏன் என்பது இரண்டாவது படியில் வரும்.

1. தட்டுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு நோட்டு, கணினியில் இருந்தாலும் சரி. ஒவ்வொரு முறையும் ப்ராம்ப்ட், சீட் எண் (படம் எந்தத் தற்செயல் தொடக்கத்திலிருந்து உருவாகிறது என்பதைக் குறிக்கும் எண்), எந்த மாடல், என்ன வந்தது ஆகிய நான்கையும் அதில் குறிக்க வேண்டும். இது இல்லாமல் தொடங்குபவர்கள் முப்பதாவது படத்தில், "ஏழாவது படத்தில் கண் நன்றாக இருந்ததே, அப்போது என்ன எழுதினேன்?" என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது பார்த்து எழுத வேண்டிய படங்கள். கருவியில் ஏற்றுவதற்கு அல்ல, உங்களுக்குச் சொற்கள் கிடைப்பதற்கு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். சோழர் கால வெண்கலங்களில் இடுப்புத் துணி எங்கே இறுக்கமாகக் கட்டப்பட்டு எங்கே தொங்குகிறது, தோள்வளை கையில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கிட்ட நின்று பார்த்து, பார்த்ததை வாக்கியமாக எழுதுங்கள். நிற்கும் தோரணைக்கு மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினி குகைச் சிற்பம். சிங்கத்தின் மேல் வில்லோடு முன்னேறும் கொற்றவையும், கதாயுதத்தோடு பின்னால் சாயும் எருமைத் தலை அசுரனும் நிற்கும் நிலையை நாலு வரியில் எழுதிப் பழகினால், "ஆக்‌ஷன் போஸ்" என்ற சொல் உங்களுக்கு இனி தேவைப்படாது.

2. உங்கள் கருவி சொற்களை எப்படி வாசிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு கருவியில் நன்றாக வேலை செய்த ப்ராம்ப்டை இன்னொன்றில் அப்படியே ஒட்டிவிட்டு, படம் கெட்டுப்போனதும் பாத்திரத்தையே மாற்றிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவிகள் வாசிக்கும் விதம் வேறு வேறு.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5, எஸ்டிஎக்ஸ்எல் ஆகிய பட மாடல்கள் உங்கள் சொற்களை கிளிப் என்ற பகுதி வழியாக வாசிக்கின்றன. அதில் ஒரே நேரத்தில் 77 டோக்கன்தான் (எழுதியதை மாடல் உடைத்து வாசிக்கும் துண்டுகள்) நுழையும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இரண்டு போனால் மிச்சம் 75. ஒரு டோக்கன் என்பது ஒரு சொல் என்று எண்ண வேண்டாம். பழகிய ஆங்கிலச் சொல் ஒரே டோக்கனில் அடங்கும். பாம்படம் என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் அது பொருளில்லாத துண்டுகளாக உடையும். தமிழ் எழுத்தில் தட்டினால் இன்னும் மோசம். ஸ்டேபிள் டிஃப்யூஷனை ஓட்டும் ஆட்டோமேட்டிக்1111 போன்ற இடைமுகங்கள் 75-ஐத் தாண்டியதை அடுத்த கட்டாகப் பிரித்து அனுப்பும். வேறு சில இடங்களில் மிச்சம் வெட்டுப்பட்டுப் போகும். கடைசியில் எழுதிய காதணியை மாடல் பார்க்காமலே போயிருக்கலாம்.

2024-ல் வந்த ஃப்ளக்ஸ், ஸ்டேபிள் டிஃப்யூஷன் 3 போன்றவை கிளிப்போடு டி5 என்ற மொழி மாடலையும் வைத்திருக்கின்றன. ஃப்ளக்ஸின் ஷ்னெல் வடிவம் 256 டோக்கன் வரையிலும் டெவ் வடிவம் 512 வரையிலும் வாசிக்கும். இவற்றுக்கு முழு வாக்கியமாக எழுதலாம். எது எதன் மேல் இருக்கிறது, யார் கையில் என்ன இருக்கிறது என்பதை இவை நன்றாகவே புரிந்துகொள்கின்றன. அனிமே வகை மாடல்களுக்கு வாக்கியம் பிடிக்காது, காற்புள்ளி போட்ட சிறு சொற்கள்தான்.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றில் தமிழிலேயே பேசலாம். ஆனால் நடுவில் ஒரு மொழி மாடல் நிற்கிறது. 2023-ல் சாட்ஜிபிடியில் டால்-ஈ 3 என்ற பட மாடல் வந்தபோதே, பயனர் எழுதியதை விரித்து எழுதித்தான் படமாக்கியது. நீங்கள் குறைவாக எழுதினால் நடுவில் இருப்பவர் தன் ரசனையைச் சேர்ப்பார். "நான் சொன்னதைத் தவிர அலங்காரம் எதையும் சேர்க்க வேண்டாம்" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது என் வழக்கம்.

3. பாத்திரத்தைத் தாளில் தமிழில் எழுதி, கண்ணுக்குத் தெரியாததை அடியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள்.

வேம்பியைப் பற்றி அவளை எழுதியவர் முதலில் எழுதிக் கொடுத்தது: "துணிச்சல்காரி. மகனைக் கடலுக்குப் பறிகொடுத்தவள். யாரையும் நம்ப மாட்டாள். ஊருக்கே அவள் மேல் மரியாதை." கதைக்கு இது போதும். ஆனால் இதில் ஒரு சொல்லைக்கூட வரைய முடியாது. துணிச்சல் என்று தட்டினால் மாடல் கையில் வாளைக் கொடுத்து, வாயைத் திறந்து கத்தவைக்கும்.

ஒவ்வொரு வரியையும் எடுத்து, "இதைத் தெருவில் போகிறவர் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்?" என்று கேளுங்கள். யாரையும் நம்பாதவள் என்றால்? தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோகிறாள், முதுகு சுவரோடு ஒட்டி இருக்கிறது. மகனைப் பறிகொடுத்தவள் என்றால்? இடுப்பில் ஒரு சிறுவனின் தேய்ந்த வெள்ளி அரைஞாண், கயிற்றில் கட்டித் தொங்குகிறது. இப்போது வரைய முடியும். இப்படி மாறாத வரிகளை அடித்துவிடுங்கள். அவை கதையில் பத்திரமாக இருக்கும்.

பெயரையும் ப்ராம்ப்டில் போட வேண்டாம். வேம்பி என்ற பெயர் மாடலுக்கு ஒன்றும் சொல்லாது, இரண்டு மூன்று டோக்கன்தான் வீண். தெரிந்த நடிகை ஒருவரின் பெயரைப் போட்டால் அவர் முகமே வந்து உட்கார்ந்துவிடும். உயிரோடு இருக்கும் ஒருவரின் முகத்தை அவர் அறியாமல் உங்கள் பாத்திரத்துக்கு ஒட்டுவது தவறு. அதைச் செய்யவே வேண்டாம்.

4. எலும்பு ப்ராம்ப்டை நாலு முறை ஓட்டுங்கள்

எல்லா விவரத்தையும் முதலிலேயே கொட்டாதீர்கள். "ஐம்பது வயதுக் காவல்காரி, உப்பளத்தில் நிற்கிறாள்" என்ற அளவில் ஒரு வரி. நாலு வெவ்வேறு சீட்டில் நாலு படம்.

அப்புறம் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் சொல்லாத ஒன்று நாலு படத்திலும் ஒரே மாதிரி வந்திருந்தால் அது மாடலின் பழக்கம். படத்துக்குப் படம் மாறுவது அது இன்னும் முடிவு செய்யாத இடம். எங்களுக்கு வந்த நாலிலும் கையில் ஒரு நீண்ட ஈட்டி, தலையில் முக்காடு. இரண்டையும் நாங்கள் கேட்கவில்லை. ஆக, அடுத்து உழைக்க வேண்டிய இடம் கையும் தலையும் என்று தெரிந்துவிட்டது. காலைப் பற்றி எந்தப் பழக்கமும் தெரியவில்லை. அதற்கு ஒரு சொல் போதும்.

இந்தச் சோதனை இல்லாமல் எழுதுபவர்கள், மாடல் தானாகவே சரியாகப் போடுவதற்கு இருபது சொல்லைச் செலவழித்துவிட்டு, தவறாகப் போடுவதற்கு ஒரு சொல்கூட மிச்சம் இல்லாமல் நிற்கிறார்கள்.

5. சட்டகத்தை முடிவு செய்யுங்கள்

முகம் மட்டுமா, இடுப்பு வரையா, முழு உருவமா என்பதை முதல் சொற்களிலேயே சொல்லிவிட வேண்டும். கிளிப் வழியாக வாசிக்கும் மாடல்களிலும் மிட்ஜர்னி என்ற இணையக் கருவியிலும் முன்னால் வரும் சொற்களுக்குப் பிடி அதிகம்.

முழு உருவம் வேண்டுமென்றால் படமும் நெடுக்காக இருக்க வேண்டும். எஸ்டிஎக்ஸ்எல்லில் அகலம் 832, உயரம் 1216 பிக்சல் என்றால் நன்றாக வரும். சதுரத்தில் முழு உருவம் கேட்டால் தலையோ காலோ வெட்டுப்படும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: முகப்படம் கேட்டுவிட்டுக் கீழே சிலம்பைப் பற்றியும் எழுதுவது. காலைப் பற்றிய ஒரு சொல் இருந்தாலே மாடல் காலைக் காட்டப் பார்க்கும். கேமரா பின்னால் போகும், முகம் சிறிதாகி விவரம் இழக்கும். சட்டகத்துக்குள் வராத எதையும் எழுதாதீர்கள், அது எவ்வளவு அழகான நகையாக இருந்தாலும்.

6. உடல், வயது, நிறம்

"அழகான" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். இந்த ஒரு சொல் வயதைக் குறைக்கும், தோலை வெளுக்கவைக்கும், மூக்கைக் கூர்மையாக்கும், எல்லோரையும் ஒரே முகமாக்கும். இணையத்தில் அந்தச் சொல்லோடு ஒட்டிக் கிடக்கும் படங்கள் அப்படி. புதிதாக வருகிறவர்களுக்கு இதை முதலில் செய்து காட்டுவேன்: அதே சீட், அதே ப்ராம்ப்ட், அந்தச் சொல் மட்டும் இல்லை. முகத்தில் பதினைந்து வயது கூடிவிடும். ஒளிரும், தெய்விக, தேவதை போன்ற என்பவையும் இதே வேலையைச் செய்யும். அவை ஒளியைத் தோலின் மேல் கொட்டுகின்றன.

வயதை எண்ணால் மட்டும் சொன்னால் போதாது. 52 என்று எழுதினால் பெரும்பாலும் முப்பத்தைந்துதான் வரும், நரைத்த முடியோடு. வயதைக் காட்டும் இரண்டு மூன்று அடையாளங்களைச் சொல்லுங்கள்: கண்ணோரச் சுருக்கம், காதோரம் நரைத்த முடி, கழுத்தில் தளர்ந்த தோல். எட்டுப் பத்து அடையாளங்களைக் குவித்தால் தொண்ணூறு வயதாகிவிடும்.

தொழில் உடலில் தெரிய வேண்டும். மரக்காணம் உப்பளப் பக்கம் காலையில் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. பாத்தித் தண்ணீரிலும் உப்புக் குவியலிலும் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். அங்கே நாள் முழுக்க நிற்பவர் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார். பாதம் வெடித்திருக்கும், கெண்டைக்காலில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். "கடினமாக உழைப்பவள்" என்ற ஒரு வரிக்குப் பதிலாக இந்த மூன்றையும் எழுதினோம். வேம்பி அன்றுதான் வேம்பியாக வந்தாள்.

நிறம். "தமிழ்" அல்லது "தென்னிந்திய" என்ற சொல்லை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். நாங்கள் ஓட்டிய மாடல்களில் அந்தச் சொற்கள் பொட்டையும் பட்டுப் புடவையையும் கோபுரத்தையும் இழுத்து வந்தன. தோல் நிறத்தை நம்பகமாகக் கொண்டுவரவில்லை. நிறத்தைத் தனியாக, நேராகச் சொல்லுங்கள்: கருத்த பழுப்புத் தோல், வெயிலில் மேலும் கறுத்த தோள்பட்டை. பிறகு ஒளியைச் சரிபாருங்கள். பின்னால் பெருத்த வெளிச்சமும் முகத்தில் மென்மையான ஸ்டுடியோ ஒளியும் கேட்டிருந்தால், நீங்கள் எழுதிய கருப்பை அந்த ஒளி கழுவிவிடும். பக்கவாட்டு ஒளியில் கருத்த தோல் செழிப்பாக வரும்.

உணர்ச்சியைப் பெயரால் சொல்லாதீர்கள். கோபம் என்றால் பல்லைக் காட்டும். "பின்னால் ஏதோ சத்தம் கேட்டு அசையாமல் நிற்கிறாள்" என்று ஒரு நிலைமையைக் கொடுங்கள். முகம் தானாக அமையும்.

7. உடை, நகை, ஆயுதம்: பெயரை விட்டு வடிவத்தைச் சொல்லுங்கள்

நம் ஊர்ப் பாத்திரங்களை வரையும்போது அதிகம் தடுக்கும் இடம் இதுதான். நம்மிடம் ஒவ்வொன்றுக்கும் துல்லியமான பெயர் இருக்கிறது. மாடலுக்கு அந்தப் பெயர் தெரியாது. தெரியாத சொல்லைக் கண்டால் அது கேள்வி கேட்காது, பக்கத்தில் இருக்கும் தெரிந்த சொல்லை வைத்து நிரப்பிவிட்டுப் போய்விடும்.

பாம்படம் என்பதை இப்படி எழுதினோம்: "நீண்டு தொங்கும் காதுமடலில், கனமான, உருண்டையும் சதுரமுமாக அடுக்கிய தங்கக் காதணி". காதுமடல் நீண்டிருப்பதைச் சொல்லாமல் விட்டால் சாதாரண ஜிமிக்கிதான் வரும். திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சிகளின் காதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்த நீளம்தான் நகையில் பாதி.

வளரியை "ஒருபுறம் கனத்து மறுபுறம் மெலிந்த, பிறைபோல வளைந்த எறிதடி, கருமரம்" என்றோம். பூமராங் என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். வடிவம் கிட்டத்தட்ட வரும், ஆனால் அந்தச் சொல்லோடு ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியப் புள்ளிகளும் சேர்ந்து வருகின்றன. சொல் ஒன்றுக்கு வால் நாலு இருக்கும். எந்தச் சொல்லைப் போடும்போதும் அது எதையெல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறது என்று, அந்தச் சொல்லை மட்டும் தனியாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

புடவை என்று எழுதினால் திருமண மண்டபமும் காற்றில் பறக்கும் முந்தானையும் வந்துவிடும். வேம்பி கட்டியிருப்பது பின்கொசுவம். "முரட்டுப் பருத்தித் துணி, உடம்போடு இறுக்கிச் சுற்றியது, கெண்டைக்கால் வரைதான், மடிப்புகள் முதுகுப்புற இடுப்பில் செருகியவை" என்று துணியையும் கட்டையும் பிரித்துச் சொன்னதும் சரியானது. சுருள்வாள், தண்டட்டி, ராக்கொடி எல்லாவற்றுக்கும் இதே வழிதான்: எதால் ஆனது, என்ன வடிவம், உடம்பில் எங்கே இருக்கிறது.

இவ்வளவு சொல்லியும் ஒரு பொருள் வரவில்லை என்றால், ஆட்டோமேட்டிக்1111 போன்ற இடைமுகத்தில் அதை அடைப்புக்குறிக்குள் போட்டு 1.2 எடை கொடுக்கலாம். 1.4-க்கு மேல் போனால் அந்தப் பொருள் பெருத்து முகத்தை விழுங்கும். புதியவர்கள் இந்த இடத்தில் சிஎஃப்ஜி அளவை (ப்ராம்ப்டை மாடல் எவ்வளவு இறுக்கமாகப் பின்பற்ற வேண்டும் என்ற அமைப்பு) 7-லிருந்து 15-க்கு ஏற்றுகிறார்கள். நிறங்கள் கருகும், காதணி அப்படியே இருக்கும். மாடலுக்குத் தெரியாத சொல்லை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் அது தெரியாத சொல்தான்; வேறு விதமாகச் சொல்ல வேண்டும்.

8. நிறங்கள் ஒன்றுக்கொன்று ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

சிவப்புத் துணி, பச்சைக் கல் நகை, நீலத் தலைப்பாகை என்று எழுதினால் நகை நீலமாகவும் தலைப்பாகை சிவப்பாகவும் வரலாம். படத்தில் என்னென்ன இருக்கின்றன என்பது கிளிப்புக்கு நன்றாகத் தெரியும். எது எதற்குச் சொந்தம் என்பதில்தான் குழம்புகிறது.

இதற்கு நிறப்பெயரைக் குறைத்து, நிறத்தைத் தன்னுள் வைத்திருக்கும் பொருளைச் சொல்லுங்கள். செம்புக் காப்பு, பனையோலைக் குடை, சாம்பல் பூசிய நெற்றி. செம்பு என்ற சொல் துணிக்கு எளிதில் ஒழுகாது. நிறப்பெயர் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. மூன்றாவது கட்டாயம் வேண்டுமென்றால் பிறகு இன்பெயின்டிங்கில் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து மறுபடி வரைவது) மாற்றலாம்.

இடது, வலது என்பதையும் பழைய மாடல்கள் மதிப்பதில்லை. இடது புருவத்தில் தழும்பு கேட்டால் வலதில் வரும், சில நேரம் இரண்டிலும். படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிடலாம் என்று தோன்றும். அதற்கு முன் முந்தானையைப் பாருங்கள். இடது தோளில் இருந்தது வலது தோளுக்குப் போயிருக்கும். நம் வாசகர்கள் அதை உடனே கவனிப்பார்கள்.

9. வேண்டாததைச் சொல்லும் முறை

"தலைக்கவசம் இல்லாமல்" என்று எழுதினால் தலைக்கவசம் வரும். இல்லை என்ற சொல்லை விடத் தலைக்கவசம் என்ற சொல் கனமானது. இருப்பதைச் சொல்லுங்கள்: "வெறுந்தலை, பின்னால் இறுக்கிய கொண்டை". இடம் காலியாக இருந்தால்தான் வேறொன்று வந்து உட்காரும்.

ஸ்டேபிள் டிஃப்யூஷனில் நெகட்டிவ் ப்ராம்ப்டுக்குத் தனிப் பெட்டி உண்டு. மிட்ஜர்னியில் இரட்டைக் கோடு போட்டு நோ என்று எழுதிப் பட்டியலிடலாம். ஃப்ளக்ஸில் வழக்கமான முறையில் அப்படி ஒரு பெட்டி இல்லை. இருப்பதைச் சொல்லும் வழி ஒன்றுதான். யாரோ எழுதிய நூறு சொல் நெகட்டிவ் பட்டியலை அப்படியே ஒட்டுவதை விட்டுவிடுங்கள். அதில் சுருக்கம், முதுமை, அசிங்கம் என்று இருக்கும். வேம்பியின் ஐம்பத்திரண்டு வயதை நீங்களே அழிக்கிறீர்கள். நாலாவது படியில் கண்ட பழக்கங்களை மட்டும் அதில் போடுங்கள்: ஈட்டி, முக்காடு.

10. ஒளியும் பாணியும் கடைசியில்

பாணிச் சொற்கள் பாத்திரத்தையும் மாற்றும். அதனால்தான் பாத்திரம் நிலைத்த பிறகு அவற்றைச் சேர்க்கிறோம். "எபிக் ஃபேன்டஸி" என்ற இரண்டு சொல் சேர்த்ததும் வேம்பியின் பருத்தித் துணியின் மேல் தோள்கவசம் முளைத்தது. "தஞ்சாவூர் ஓவியம்" என்று போட்டபோது கன்னம் உப்பி, தலைக்குப் பின் பிரபை வந்து, காவல்காரி அம்மனாகிவிட்டாள்.

பாணியின் பெயரைச் சொல்லாமல் எதில் வரைந்தது என்று சொல்லுங்கள்: கெட்டியான நீர்வண்ணம், கரடுமுரடான தாள், கரிக்கோடு. உயிரோடு இருக்கும் ஓவியர் பெயரைப் போடுவது எங்கள் அறையில் கிடையாது. 2022-ல் போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரை ஏராளமானோர் ஃபேன்டஸி ப்ராம்ப்டுகளில் போட்டார்கள், அவர் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். ஒருவர் வாழ்நாள் உழைப்பை ஒரு சொல்லாக்கி நம் படத்தில் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒளிக்கு நம்மிடம் நல்ல பிடி ஒன்று இருக்கிறது: திணை. நெய்தலும் எற்பாடும், முல்லையும் மாலையும் என்று நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே நினைக்கப் பழகியவர்கள் நாம். வேம்பிக்கு நெய்தல். எற்பாட்டை விடியல் என்றும் பிற்பகல் என்றும் இரு விதமாகப் பொருள் கொள்வதுண்டு. நாங்கள் பிற்பகலை எடுத்துக்கொண்டோம். அதைத் தட்டும்போது, "சாயும் வெயில், ஈரக் காற்று, வெள்ளைத் தரையில் பட்டுக் கீழிருந்து வரும் ஒளி". அந்தக் கடைசிச் சொற்றொடர் தாடைக்குக் கீழே வெளிச்சம் கொடுத்தது. அவள் எங்கே நிற்கிறாள் என்பது பின்னணி இல்லாமலேயே தெரிந்தது.

11. சீட்டைப் பூட்டி, ஒரு நேரத்தில் ஒரு சொல்

உங்கள் கணினியிலேயே ஓடும் ஸ்டேபிள் டிஃப்யூஷனில் அதே ப்ராம்ப்ட், அதே சீட், அதே அமைப்புகள் என்றால் அதே படம் வரும். ஆகவே ஒரு சொல்லை மாற்றினால், வரும் மாற்றம் அந்தச் சொல்லால் வந்தது. மூன்று சொல்லை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மிட்ஜர்னியிலும் சீட் எண் கொடுக்கலாம்.

ஒரு சீட்டில் பிடித்த மாற்றத்தை வேறு மூன்று சீட்டிலும் ஓட்டிப் பாருங்கள். அங்கும் நின்றால்தான் அந்தச் சொல்லை நம்பலாம்.

12. யாளியைச் சேர்ப்பது

முதலில் யாளியைத் தனியாக வரையுங்கள். யாளி என்ற பெயரும் மாடலுக்குப் பிடிபடுவதில்லை. சிங்கமோ டிராகனோ வரும். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத் தூண்களைப் பார்த்துவிட்டு எழுதினோம்: "சிங்க உடல், பிதுங்கிய கண், சுருண்ட பிடரி, வாயிலிருந்து தொங்கும் யானைத் துதிக்கை, பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது". கல்லா, உயிருள்ள விலங்கா என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாதி படங்களில் சிலையாகவே நிற்கும்.

இரண்டையும் ஒரே ப்ராம்ப்டில் கலந்தால் துதிக்கை வேம்பிக்குப் போகும், பாம்படம் யாளிக்கு வரும். சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு மாலையே போய்விடும். வேம்பியை முடித்து, யாளி நிற்க வேண்டிய இடத்தை இன்பெயின்டிங்கில் தேர்ந்து, அங்கே யாளியின் விவரத்தை மட்டும் எழுதுங்கள். தேர்ந்த பகுதியை மட்டும் வரையும் அமைப்பில் முழு ப்ராம்ப்டையும் விட்டுவைத்தால், அந்தச் சிறு கட்டத்துக்குள் இன்னொரு வேம்பி நிற்பாள். முகத்தை மட்டும் திருத்தும்போது டிநாய்சிங் அளவு (பழைய படத்திலிருந்து எவ்வளவு விலகி வரையலாம் என்பது) 0.4 முதல் 0.6 வரை போதும். அதற்கு மேல் ஆள் மாறிவிடுவார்.

13. அடுத்த படத்திலும் அதே வேம்பி

ஒரே ப்ராம்ப்ட் என்பதால் ஒரே முகம் வந்துவிடாது. மிட்ஜர்னியின் 6-ஆம் பதிப்பில், 2024-ல், ஒரு படத்தைப் பாத்திரச் சான்றாகக் கொடுக்கும் வசதி வந்தது. அதன் எடையைப் பூஜ்யமாக்கினால் முகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், 100-லேயே விட்டால் முடியும் உடையும் சேர்ந்து வரும். ஏழாம் பதிப்பில் அந்த இடத்தை ஆம்னி ரெஃபரன்ஸ் என்ற வசதி எடுத்துக்கொண்டது. எடையைக் கவனிக்காதவர்கள், திருவிழாக் காட்சியிலும் வேம்பி உப்புப் படிந்த துணியோடு நிற்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

தொடர்கதைக்கு முப்பது நாற்பது படம் வேண்டுமென்றால் சிறிய லோரா (ஒரே பாத்திரத்தைக் கற்றுக்கொடுத்து மாடலோடு சேர்க்கும் துணைக் கோப்பு) ஒன்றைப் பயிற்றுவிப்பது நல்லது. பதினைந்து முதல் முப்பது படங்கள் வரை, வெவ்வேறு கோணம், வெவ்வேறு ஒளி. ஒவ்வொரு படத்துக்கும் விளக்கச் சொற்கள் எழுத வேண்டும், அங்கேதான் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்: பாம்படம், கண்ணோரச் சுருக்கம், கருத்த தோல் என்று வேம்பியின் அடையாளங்களையெல்லாம் எழுதிவிட்டு, அன்றைக்கு அவள் உடுத்தியிருந்ததை எழுதாமல் விடுகிறார்கள். விளக்கத்தில் எழுதியது பின்னால் மாற்றக்கூடியதாகிறது. எழுதாமல் விட்டது அவளுக்கு வைத்த அழைப்புச் சொல்லோடு (ப்ராம்ப்டில் எழுதினால் அவளை வரவழைக்கும் சொல்) ஒட்டிக்கொள்கிறது. ஆகவே துணி, இடம், ஒளி, நிற்கும் நிலை எல்லாவற்றையும் எழுதுங்கள். முகத்தையும் காதையும் எழுதாதீர்கள். அழைப்புச் சொல்லுக்கு, மாடலுக்கு ஏற்கெனவே பொருள் தெரியாத எழுத்துக் கோவை வேண்டும். மூன்றாவது படியில் வேண்டாம் என்று அடித்த வேம்பி என்ற பெயரை இங்கே வைத்துக்கொள்ளலாம்.